தினமும் 3 கிலோமீட்டர் நீந்தியும் எடை ஏன் குறையவில்லை?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருப்பூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 41, உயரம் 170 சென்டிமீட்டர், பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. எட்டு மாதமாக வாரத்தில் ஐந்து நாள், காலையில் 3 கிலோமீட்டர் நீந்துகிறார். 100 மீட்டருக்கு 2 நிமிடம் என்ற வேகம். அடுத்த மாநில மாஸ்டர்ஸ் போட்டியில், அதாவது பெரியவர்களுக்கு வயதுவாரியாக நடக்கும் போட்டியில், 40–44 வயதுப் பிரிவில் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் இறங்க ஆசை. ஆரம்பிக்கும்போது 78 கிலோ இருந்தார், இப்போது 79. "ஏனுங்கண்ணா, தூரம் பத்தலையா? 5 கிலோமீட்டரா ஏத்திடட்டுங்களா?" என்கிறார்.

ஏற்ற வேண்டாம் தம்பி. நானும் மாஸ்டர்ஸ் நீந்துகிறவன், கோவையில் காலை பேட்ச்சில் பெரியவர்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். எடை குறையவில்லை என்று தூரத்தை ஏற்றுகிறவர்களை வருடா வருடம் பார்க்கிறேன். பெரும்பாலும் தோள்தான் கெடுகிறது, இடுப்புச் சுற்று அப்படியே இருக்கிறது. நீங்கள் கேட்டது ஒரு கேள்வி போலத் தெரிந்தாலும் அதில் இரண்டு இருக்கின்றன: 100 மீட்டரில் வேகம் கூட எவ்வளவு நீந்த வேண்டும், எடை குறைய எவ்வளவு நீந்த வேண்டும். இரண்டையும் ஒரே கிலோமீட்டர் கணக்கில் போட்டதால்தான் குழப்பம்.

முதலில் எடைக் கணக்கு. உங்கள் எடையில், உங்கள் வேகத்தில், ஒரு மணி நேரம் நிற்காமல் நீந்தினால் சுமார் 650 கலோரி செலவாகும். சும்மா உட்கார்ந்திருந்தாலே செலவாகியிருக்கும் கலோரியைக் கழித்தால் கையில் நிற்பது 500 முதல் 600. ஐந்து நாளைக்கு 2,500 என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. அப்படியென்றால் மாதம் ஒரு கிலோவுக்கு மேல், எட்டு மாதத்தில் பத்து கிலோ அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். காகிதத்தில் சரிதான். உடம்பு இந்தக் கணக்கில் பல இடங்களில் கை வைக்கிறது.

முதல் இடம் பேக்கரி. நம் பக்கத்தில் நீச்சல் குளம் இருக்கும் தெருவில் பேக்கரி இல்லாமல் இருக்காது. குளத்திலிருந்து வெளியே வந்து, ஈரத் தலையோடு பைக்கை எடுத்து, அங்கே நிறுத்தி, சர்க்கரை போட்ட ஒரு டீ, சூடாக இரண்டு முட்டை பப்ஸ். டீ 100 கலோரிக்குப் பக்கம், பப்ஸ் ஒவ்வொன்றும் 300 கலோரி அளவில் வரும். மைதாவும் டால்டாவும் அடுக்கடுக்காக இருக்கிற பண்டம் அது. அந்தப் பத்து நிமிடத்தில் முழு 3 கிலோமீட்டரும் ஈடாகிவிட்டது. அப்புறம் வீட்டுக்குப் போய் இட்லி, தேங்காய்ச் சட்னி வேறு. நீங்கள் பப்ஸ் சாப்பிடுகிறீர்களா என்று எனக்குத் தெரியாது. உங்கள் பேக்கரி எது என்று நீங்களே ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். வாயில் போடுவது எல்லாவற்றையும் போட்ட உடனே எழுதினால் போதும், கலோரி போட வேண்டியதில்லை.

இரண்டாவது, குளிர். இதைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுக்கும். போட்டிக் குளத்தின் வெப்பநிலை 25 முதல் 28 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. நம் ஊர்த் திறந்தவெளிக் குளங்களுக்கு அந்த விதி மார்கழியில் செல்லுபடியாகாது. இரவுப் பனியில் ஆறிப்போன தண்ணீரில் காலை ஐந்தரைக்கு இறங்குகிறோம். ஆடியில் தண்ணீர் பரவாயில்லை, ஆனால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஈர உடம்பின் மேல் அடிக்கும். குளிர்ந்த தண்ணீரில் உடற்பயிற்சி செய்தவர்கள் அதன்பின் என்ன சாப்பிட்டார்கள் என்று 2005-இல் ஓர் ஆய்வு வந்தது. 20 டிகிரி தண்ணீரில் 45 நிமிடம் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். 33 டிகிரி தண்ணீரில் அதே வேலையைச் செய்தபோது சாப்பிட்டதைவிட 44 சதவீதம் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். உழைப்பு ஒன்றுதான், பசிதான் வேறு. சுரைப்புருடை (காய்ந்த சுரைக்குடுக்கை) கட்டிக் கிணற்றில் நீச்சல் பழகிய ஆட்களைக் கேட்டால் ஆய்வு இல்லாமலே சொல்வார்கள், மேலேறி வந்த பின் எத்தனை உருண்டை களி உள்ளே போகும் என்று.

அதற்காக நீச்சலில் எடையே குறையாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 1987-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு அப்படிப்பட்ட பெயரை நீச்சலுக்கு வாங்கிக் கொடுத்தது. உடல் பருமன் உள்ள பெண்களில் ஒரு பகுதியினர் நடந்தார்கள், ஒரு பகுதியினர் சைக்கிள் ஓட்டினார்கள், ஒரு பகுதியினர் நீந்தினார்கள். சாப்பாட்டுக்குக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. ஆறு மாதத்தில் நடந்தவர்களுக்கும் சைக்கிள் ஓட்டியவர்களுக்கும் எடை பத்து சதவீதத்துக்குக் குறையாமல் இறங்கியது, நீந்தியவர்களுக்கு இறங்கவே இல்லை. ஆனால் 2010-இல் ஆஸ்திரேலியாவில் 50 முதல் 70 வயது வரையான பெண்களிடம் செய்த ஆய்வில், நடந்தவர்களைவிட நீந்தியவர்கள்தான் 1.1 கிலோ கூடுதலாகக் குறைந்திருந்தார்கள். எனக்குத் தோன்றுவது இதுதான்: நீச்சல் கலோரியைச் செலவழிக்கிறது, அதில் சந்தேகமில்லை. அது திரும்ப உள்ளே வருகிறதா இல்லையா என்பது குளத்தை விட்டு ஏறிய அடுத்த இரண்டு மணி நேரத்தில் முடிவாகிறது.

மூன்றாவது இடம் உங்களுக்குச் சந்தோஷம் தர வேண்டிய விஷயம். எட்டு மாதத்தில் நீங்கள் நன்றாக நீந்தக் கற்றுக்கொண்டுவிட்டீர்கள். பழக்கமில்லாதவர் அதே வேகத்தில் நீந்த, நல்ல நீச்சல்காரர் செலவழிப்பதைப்போல இரண்டு மடங்குகூடச் செலவழிப்பார். கால் மூழ்கும், தலை தூக்கும், கை தண்ணீரைப் பின்னால் தள்ளாமல் கீழே அமுக்கும். இவை சரியாகச் சரியாக அதே 3 கிலோமீட்டர் உங்களுக்கு மலிவாகிக்கொண்டே வந்திருக்கிறது. முதல் மாதம் 3 கிலோமீட்டர் முடித்தபோது வாங்கிய மூச்சு இப்போது வாங்குகிறதா? இல்லையென்றால் தூரம் மாறாமலே பயிற்சி குறைந்திருக்கிறது என்றுதான் பொருள்.

இங்கேதான் வேகம் உள்ளே வருகிறது. தண்ணீரின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக ஏறும், அதை வெல்லத் தேவைப்படும் திறன் ஏறக்குறைய மும்மடியாக ஏறும். 100 மீட்டரை 2 நிமிடத்தில் நீந்துகிறவர் 1 நிமிடம் 48 விநாடியில் நீந்த, மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல் திறன் காட்ட வேண்டும். ஆகவே ஒரே வேகத்தில் இன்னும் 2 கிலோமீட்டர் உருட்டுவதைவிட, இருக்கிற தூரத்துக்குள் ஒரு பகுதியை நிஜமாகவே கடினமாக நீந்துவது உங்கள் 100 மீட்டருக்கும் நல்லது, கலோரிக்கும் நல்லது.

பெரிய வீரர்கள் எல்லாம் ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் நீந்துகிறார்களே என்பீர்கள். நீந்துகிறார்கள். 1997-இல் வெளியான அளவீடு ஒன்று: ஒரு நாளைக்கு 17.5 கிலோமீட்டர் நீந்திய முதல்தர வீராங்கனைகள் ஐந்து பேர் தினமும் சுமார் 5,600 கலோரி செலவழித்தார்கள், ஆனால் சாப்பிட்டது 3,100 சொச்சம்தான். அந்த அளவுக்குப் போனால் எடை இறங்கத்தான் செய்யும். அவர்களுக்கு நாள் முழுக்க நீச்சலும் தூக்கமும்தான் வேலை. எட்டரை மணிக்கு, பனியன் வாங்கும் பையருக்கு மெயில் போட வேண்டிய ஆளுக்கு அந்தத் தூரத்தைச் சுருக்கி 5 கிலோமீட்டராகக் கொடுத்தால், களைப்பு மட்டும் வரும். களைத்த உடம்பு மீதி நாளில் அசைவதைக் குறைத்துக்கொள்ளும். மாடிப்படிக்கு லிஃப்ட், தெருமுனைக் கடைக்கு பைக். காலையில் செலவழித்ததில் ஒரு பங்கு அப்படியே திரும்பி வந்துவிடும்.

வேகத்துக்காவது தூரம் உதவுமா? டேவிட் காஸ்டில் என்ற அமெரிக்க உடலியல் அறிஞரின் குழு இதைக் கல்லூரி நீச்சல் வீரர்களிடம் சோதித்து 1991-இல் வெளியிட்டது. ஒரு குழு தினமும் ஒரு வேளை நீந்தியது, இன்னொரு குழு ஆறு வாரம் இரண்டு வேளை நீந்தியது. இரட்டைப் பயிற்சியால் கூடுதல் முன்னேற்றம் எதுவும் கிடைக்கவில்லை, அந்த ஆறு வாரத்தில் அவர்களுடைய குறுந்தூர வேகம் குறைந்தே போனது. அதே குழுவின் 1988 ஆய்வு இன்னும் பொருத்தமானது. 12 பேருக்குத் தினத் தூரத்தைச் சுமார் 4,300 மீட்டரிலிருந்து 9,000 மீட்டர் அளவுக்குத் திடீரென்று ஏற்றினார்கள். அதில் 4 பேரால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. அந்த நால்வரும் மாவுச்சத்துக் குறைவாகச் சாப்பிட்டவர்கள், தசையில் சேமித்த சர்க்கரை வற்றிப்போயிருந்தது. எடை குறைக்கிறேன் என்று ராத்திரிச் சோற்றை நிறுத்திவிட்டுத் தூரத்தையும் ஏற்றுகிறவர் தன்னை அந்த நால்வரின் இடத்தில் கொண்டுபோய் நிறுத்திக்கொள்கிறார்.

தோள் கணக்கையும் போட்டுவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு உங்கள் எடையைவிட இதில்தான் கவலை. 25 மீட்டருக்கு 20 கைவீச்சு என்று வையுங்கள். 3 கிலோமீட்டருக்கு 120 லேப், 2,400 கை. ஒரு தோளுக்கு 1,200. வாரத்தில் 6,000. 5 கிலோமீட்டர் ஆக்கினால் 10,000. பகலெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் தோளைக் கூனிக்கொண்டு உட்காருகிற 41 வயதுக்காரருக்கு, கை நுழையும் கோணம் கொஞ்சம் தப்பாக இருந்தாலே அந்த நாலாயிரம் கூடுதல் கை போதும். தோள் வலி வந்துவிட்டால் இரண்டு மூன்று மாதம் குளமே கிடையாது. அப்போது ஏறுகிற எடை இந்த ஒரு கிலோவோடு நிற்காது.

சரி, எடை கூடினால் வேகம் குறையுமா? ஓட்டத்தில் ஒவ்வொரு கிலோவையும் ஒவ்வொரு அடியிலும் தூக்கிப் போட வேண்டும். நீச்சலில் எடையைத் தண்ணீர் தாங்கிக்கொள்கிறது. உடம்பு தண்ணீரைக் கிழிக்கும் குறுக்குப் பரப்பும், எவ்வளவு நேராக மிதக்கிறோம் என்பதும்தான் முக்கியம். கொழுப்பு தண்ணீரைவிட லேசானது, ஒரு கன சென்டிமீட்டர் 0.9 கிராம். தசை 1.06 கிராம், அது மூழ்கும். அதனால் மாஸ்டர்ஸ் போட்டிகளில் தொப்பை உள்ள 50 வயதுக்காரர் ஒருவர், பக்கத்து லேனில் ஒல்லியாக நிற்கிறவரை 50 மீட்டரில் தாராளமாக முந்திவிடுவதைப் பார்க்கலாம். தோளிலும் முதுகிலும் தசை இருக்கிறது, உத்தி இருக்கிறது, தொப்பை அவ்வளவாகத் தடுப்பதில்லை. பட்டினி கிடந்து எடை குறைத்தால் கொழுப்போடு தசையும் போகும், நேரம் மோசமாகும். போட்டிக்காக எடை குறைக்க வேண்டும் என்ற நினைப்பையே விட்டுவிடுங்கள்.

உடல்நலத்துக்காகக் குறைப்பது வேறு. அது உங்களுக்கு அவசியம்தான். 170 சென்டிமீட்டருக்கு 79 கிலோ என்றால் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் குறியீடு, 27.3. இந்தியர்களுக்கான வரையறையில் 23-லேயே அதிக எடை, 25-க்கு மேல் பருமன். அதே பிஎம்ஐ உள்ள ஐரோப்பியரைவிட நம்மவர் உடம்பில் கொழுப்பு அதிகம், அதுவும் வயிற்றில். ஆகவே தராசைவிட இன்ச் டேப்பை நம்புங்கள். பனியன் கம்பெனியில் அதற்கா பஞ்சம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்ட பின், வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, அதற்குள் இருக்க வேண்டும். எட்டு மாதத்தில் இடுப்பு குறைந்து எடை ஒரு கிலோ ஏறியிருந்தால் அது பெரும்பாலும் தசை, வருத்தப்பட ஒன்றுமில்லை. பேன்ட் பழையபடி இறுக்கமாகவே இருந்தால் பேக்கரிக் கணக்கைத்தான் பார்க்க வேண்டும்.

இனி என்ன செய்யலாம். ஐந்து நாள் நீச்சலை நான்காக்குங்கள். ஒரு நாளைக்கு இரண்டரை கிலோமீட்டர் போதும். அதில் இரண்டு நாள் கடினம்: வார்ம்-அப் முடித்து, 50 மீட்டர் 16 முறை, ஒவ்வொன்றும் 52 முதல் 55 விநாடிக்குள், 1 நிமிடம் 20 விநாடிக்கு ஒரு முறை சுவரை விட்டுக் கிளம்ப வேண்டும். பன்னிரண்டாவதில் நேரம் தவறினால் அங்கேயே நிறுத்திவிட்டு மெதுவாக நீந்துங்கள். இழுத்துக்கொண்டு முடிப்பதில் பயனில்லை. ஒரு நாள் 100 மீட்டர்களாக, பேச முடிகிற மூச்சில். இன்னொரு நாள் உத்திக்கு மட்டும். ஒரு லேப்புக்கு எத்தனை கை என்று எண்ணி, நேரம் கூடாமல் ஒன்றைக் குறைக்கப் பாருங்கள். மிச்சமான ஐந்தாவது நாளிலும் இன்னொரு நாளிலும் தரையில் எடைப் பயிற்சி: ஸ்குவாட், டெட்லிஃப்ட், புஷ்-அப், முதுகுக்கு ரோ (எடையை உடம்பை நோக்கி இழுப்பது). தண்ணீர் எடையைத் தாங்குவதால் நீச்சல் எலும்புக்குப் போதிய வேலை கொடுப்பதில்லை; நீச்சலை மட்டும் செய்கிறவர்களுக்கு எலும்பு அடர்த்தி கூடுவதில்லை. மாதவிடாய் நிற்கும் வயதை நெருங்கும் பெண்கள் இதை என்னைவிட உங்கள் டாக்டரிடம் கேட்டு, கட்டாயம் எடைப் பயிற்சியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மாலையில் அரை மணி நடை. அது எடைக்கான நடை. எடைக் கணக்கை நீச்சலில் வைக்க வேண்டாம்.

குளத்தை விட்டு ஏறியதும் உடனே துவட்டி, உலர்ந்த சட்டை போட்டு, பத்து நிமிடம் நடந்துவிட்டு பைக்கை எடுங்கள். உடம்பு சூடானால் அந்த வெறிப்பசி பாதி அடங்கும். சாப்பாடு கையோடு இருக்க வேண்டும்: அவித்த முட்டை இரண்டு, ஒரு பழம், ஒரு பாட்டில் மோர். முட்டை ஆகாதவர்கள் முந்தின நாள் ஊற வைத்து அவித்த கொள்ளோ தட்டப்பயறோ ஒரு கிண்ணம். இது உள்ளே போனால் பேக்கரி வாசலில் வண்டி தானாக நிற்காது. நீந்தும்போதும் வியர்க்கிறது, ஆனால் தண்ணீருக்குள் தாகம் தெரியாது. பசி என்று நினைப்பதில் கொஞ்சம் தாகமாகவும் இருக்கலாம், முதலில் தண்ணீர் குடித்துப் பாருங்கள்.

நம் வீட்டுச் சாப்பாட்டை மாற்றத் தேவையில்லை, விகிதத்தை மாற்றினால் போதும். பயிற்சி செய்கிறவருக்கு ஒரு கிலோ எடைக்கு 1.4 கிராம் புரதம் என்றால் உங்களுக்கு 110 கிராம். அரிசிம்பருப்பு சாதத்தில் பருப்பு பெயருக்கு இருந்தால் அது வராது. அரிசியைக் குறைத்துப் பருப்பை ஏற்றுங்கள், நெய்யைக் கைபோன போக்கில் ஊற்றாமல் ஸ்பூனால் அளந்து விடுங்கள். கொள்ளுப் பருப்பு, தயிர், ஞாயிற்றுக்கிழமையோடு நில்லாமல் வாரம் மூன்று நாள் கோழியோ மீனோ. பள்ளிபாளையம் சிக்கனில் கோழி நல்லது, அதில் நிற்கிற எண்ணெயும் தேங்காயும்தான் அளவு மீறும். ராத்திரிச் சோற்றை முழுக்க நிறுத்த வேண்டாம், மறுநாள் 16 ஐம்பதுகள் இருக்கின்றன. சாயங்காலம் காளான் மசாலா வண்டியை வாரம் ஒரு முறைக்கு மேல் பார்க்காமல் இருந்தால் அதுவே பெரிய வித்தியாசம்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் வெறும் வயிற்றில் அதிகாலை நீச்சலுக்கு முன் டாக்டரிடம் பேசிவிடுங்கள். தண்ணீருக்குள் சர்க்கரை இறங்கினால் ஆபத்து. 40 தாண்டியவர்கள் மேலே சொன்ன 50 மீட்டர் வரிசை போன்ற கடின செட் ஆரம்பிக்கும் முன் ரத்த அழுத்தமும் ஈசிஜியும் பார்த்துவிடுவது நல்லது.

இடுப்பு மாதம் ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் இறங்கினால் சரியாகப் போகிறது. வாரத்துக்கு அரை கிலோவுக்கு மேல் எடை இறங்கினாலோ, 50 மீட்டர் நேரம் இரண்டு வாரம் தொடர்ந்து மோசமானாலோ சாப்பாடு பத்தவில்லை, கூட்டிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, போட்டிக்கு முந்தைய வாரங்கள். இரண்டு வாரத்துக்கு முன்னாலிருந்து தூரத்தைப் படிப்படியாகப் பாதிக்குக் கொண்டுவாருங்கள், வேகத்தை மட்டும் விட வேண்டாம். அப்போது தராசில் அரைக் கிலோ, ஒரு கிலோ ஏறும். பலர் இதைப் பார்த்துப் பயந்து போட்டி வாரத்தில் சாப்பாட்டைக் குறைத்து, கடைசி 25 மீட்டரில் கை வராமல் நிற்பார்கள். ஓய்வில் தசை சர்க்கரையைச் சேமிக்கிறது, சேமிக்கும் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. ஏறின எடை அதுதான், 100 மீட்டரில் உங்களுக்கு வேண்டியதும் அதுதான். முதல் நாள் ராத்திரி வழக்கமான சோறு, காலையில் போட்டிக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் நாலு இட்லி, எண்ணெய்ப் பண்டம் வேண்டாம். 50 மீட்டரில் திரும்பும்போது என்ன நேரம் வந்தது என்பதையும் யாரையாவது குறித்து வைக்கச் சொல்லுங்கள். அதை எனக்கு எழுதினால் அடுத்த மூன்று மாதத்துக்கு எந்த செட்டை மாற்றலாம் என்று சொல்கிறேன்.